மண்டபத்தில் டேப் டான்ஸ் வகுப்பு: தரை, ஷூ, மேடை, வருமானம் பற்றிச் சில கேள்விகள்

மண்டபம்_சலங்கை

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் பரதமும் ஒயிலாட்டமும் சொல்லித்தரும் வகுப்பு நடத்துகிறேன். ஷூவின் அடியில் உலோகத் தகடு பொருத்திக் காலாலேயே தாளம் போடும் டேப் டான்ஸையும் மூன்று வருடம் முறையாகப் படித்தாகிவிட்டது. அதையும் வகுப்பில் சேர்த்து, போகப் போக அதையே முழுநேரத் தொழிலாக்க ஆசை. தொண்டியில் இருந்து மூக்கையூர் வரை இதைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மேடையில் ஆடுவது, மற்றவர்களுக்கு ஆட்டம் அமைத்துக் கொடுப்பது, வகுப்பு எடுப்பது, இந்த மூன்றில் எதை நம்பி இறங்குவது?

வகுப்பு நடக்கும் இடம் தரைத்தளம், 16 அடிக்கு 12 அடி. சிமெண்டுத் தரைமேல் டைல்ஸ். மேலே தகரக் கூரை. இதில் அப்படியே ஆடலாமா?

கடல் அரை கிலோமீட்டரில் இருக்கிறது. ஷூ தகட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கிறது, திருகு துருப்பிடித்து ஆடுகிறது. என்ன செய்வது?

பரதம் படித்த பிள்ளைகளை ஷூ போட்டு ஆடவிட்டால் எல்லாம் ஒரே ‘தடதட’. எழுத்து எழுத்தாக, அதாவது ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக, கேட்க மாட்டேன் என்கிறது. எங்கே தவறு?

கோயில், சர்ச் திருவிழா மேடைகளில் ஆட வேண்டி வந்தால் காலடிச் சத்தத்தை எப்படிக் கேட்க வைப்பது?

---

அதீத_எடுப்பு

தங்கச்சி, கடைசியில் இருந்து இரண்டாவது கேள்விதான் முதல் கேள்வி. அதில் இருந்து தொடங்குகிறேன்.

டேப் ஆடுகிறவர் முதலில் தாளவாத்தியக்காரர், அப்புறம்தான் நடனக்காரர். மிருதங்கத்துக்குத் தோல் எப்படியோ இவருக்குத் தரை அப்படி. இதை மனசில் வாங்கிக்கொண்டால் பயிற்சி, தரை, ஷூ, கட்டணம் எல்லாமே அதை ஒட்டி அமையும்.

பரதம் படித்த பிள்ளை அரைமண்டியில் உட்கார்ந்து முழுப் பாதத்தையும் தரையில் தட்டிப் பழகியிருக்கும். தட்டடவுக்கு அது சரி. டேப்பில் அதே காலைக் கொண்டுவந்தால் ஷூவின் முன்பக்க நுனித்தகடும் குதிகால் பக்கக் குதித்தகடும் ஒரே நேரத்தில் விழும். இரண்டு எழுத்தாக வரவேண்டியது ஒரு ‘தொம்’மாக அமுங்கிவிடும். இங்கே உடல் எடை முன்பாதத்தில் நிற்கவேண்டும், குதிகால் தரைக்கு மேலே ஒரு விரல்கடை தூக்கி இருக்கவேண்டும், முழங்கால் லேசாக மடங்கி இருக்கவேண்டும். சத்தம் தொடையில் இருந்து வரக்கூடாது, கணுக்காலில் இருந்து வரவேண்டும். ஈரக் கையை உதறுவோமே, அந்த உதறல்தான். பிள்ளைகளிடம் ‘தட்டு’ என்ற சொல்லையே ஒரு மாதம் சொல்லாதீர்கள். ‘உதறு’ என்று சொல்லுங்கள். ஒயிலாட்டம் ஆடிய பிள்ளைகளுக்கு முழங்கால் நெகிழ்ச்சி ஏற்கெனவே இருக்கும், அவர்கள் சீக்கிரம் பிடிப்பார்கள். சலங்கையை மட்டும் கழற்றிவிடுங்கள். அது தகட்டுச் சத்தத்தை மூடிவிடும், தப்பும் காதில் விழாது.

முதல் மூன்று மாதத்துக்கு ஐந்து அடிகள் போதும். ஷஃபிள்: முன்பாதத்தால் முன்னே ஒரு உரசல், பின்னே ஒரு உரசல், இரண்டு எழுத்து, எடை மாறாது. ஃபிளாப்: முன்னே உரசி அதே காலை ஊன்றுவது, இரண்டு எழுத்து, எடை மாறும். பால் சேஞ்ச்: பின்காலின் முன்பாதத்தில் ஒரு நொடி ஊன்றி முன்காலுக்கு மாறுவது. கிராம்ப் ரோல்: வலது முன்பாதம், இடது முன்பாதம், வலது குதி, இடது குதி. பாராடிடில்: குதியை ஊன்றி, முன்பாதத்தால் பின்னே உரசி, முன்பாதம் ஊன்றி, குதியை இறக்குவது. கடைசி இரண்டும் நான்கு எழுத்து, ‘தகதிமி’ சொல்லிக்கொண்டே பழக்கலாம். ஷஃபிளோடு ஒரு ஊன்றல் சேர்த்தால் ‘தகிட’. அதோடு ஒரு முன்பாதம், ஒரு குதி சேர்த்தால் ‘தகிட தக’, ஐந்து எழுத்துக் கண்டம் கைக்கு வந்துவிடும். இந்தச் சொற்கட்டு நம் பிள்ளைகளுக்குப் பெரிய பலம். வெளியூர் ஆசிரியர்கள் மாதக்கணக்கில் சொல்லித்தரும் கணக்கை இவர்கள் வாயிலேயே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஓர் இடத்தில் சொற்கட்டு இடறும். ஜாஸ் இசையில் ‘ஸ்விங்’ என்கிற நடை உண்டு. ஒரு அடியை இரண்டு சமபாதியாகப் பிரிக்காமல், திஸ்ரமாக மூன்றாகப் பிரித்து, முதல் எழுத்துக்கு இரண்டு பங்கும் அடுத்ததற்கு ஒரு பங்கும் கொடுப்பார்கள். பரதப் பிள்ளைகள் இதைச் சதுஸ்ரமாக, சம அளவு எழுத்தாக, நிமிர்த்திவிடுவார்கள். ‘தகதக’ என்று சொல்ல விடாமல் ‘தா-கி தா-கி’ என்று முதல் எழுத்தை இழுத்துச் சொல்ல வையுங்கள்.

அடுத்தது டைம் ஸ்டெப் என்கிற அடிக்கோவை. இது எட்டாவது எண்ணிக்கையில், அதாவது அடுத்த சுற்று பிறக்கும் முன்பே, எடுக்கும். நம் கணக்கில் அதீத எடுப்பு. ஷஃபிள், ஹாப் (நிற்கும் காலிலேயே ஒரு குதிப்பு), ஊன்றல், ஃபிளாப், ஊன்றல் என்று 7 எழுத்து வந்தால் ஒற்றை. நடுவில் உள்ள ஊன்றலை ஃபிளாப் ஆக்கினால் 8 எழுத்து, இரட்டை. அதையே ஷஃபிளும் ஊன்றலுமாக ஆக்கினால் 9 எழுத்து, மூன்றாவது வகை. 6 பார் (ஒரு பார் என்பது நான்கு எண்ணிக்கை) இதை ஆடி, 2 பார் ‘பிரேக்’ என்கிற முடிப்பு. மொத்தம் 8 பார். பிள்ளைகள் தடுமாறுவது எப்போதும் அந்த எட்டாவது எண்ணிக்கையில்தான், ஒன்றில் எடுத்துவிடுவார்கள். ஆடவிடும் முன் கையால் தாளம் போட்டு வாயால் சொல்ல வையுங்கள். மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 80-ல் ஆரம்பியுங்கள், எழுத்து பிரியும்வரை ஏற்றாதீர்கள்.

இனி தொழில். வகுப்பு முதலில், ஆட்டம் அமைப்பது இரண்டாவது, மேடை மூன்றாவது. இது நம் ஊர் நிலைமை மட்டும் இல்லை, அந்தக் கலை வந்த வழியே அப்படித்தான். வட அமெரிக்காவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்களின் முரசுகளைத் தென் கரோலினாவில் 1740-ல் சட்டம் போட்டே தடுத்தார்கள். முரசு போன இடத்தில் கையும் காலும் முரசாயின. அதோடு அயர்லாந்தின் ஜிக் ஆட்டமும், இங்கிலாந்தின் லங்காஷயர் பக்கத்து மரச்செருப்பு ஆட்டமும் கலந்தன. 1840-களில் நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் பகுதியில் ‘ஜூபா’ என்று பெயர் வாங்கிய வில்லியம் ஹென்றி லேன், பிறகு முன்பாதத்திலேயே நின்று ஆடிய பில் ராபின்சன், குதிகாலை இறக்கி ஆழமான தாளம் கொண்டுவந்த ஜான் பபிள்ஸ் என்று வளர்ந்தது. 1950-களில் மேடை வாய்ப்புகள் வறண்டபோது பெரிய ஆட்டக்காரர்களே வேறு வேலைக்குப் போனார்கள். 1970-களில் அது திரும்ப எழுந்தது என்றால், பிரெண்டா புஃபாலினோ போன்றவர்கள் அந்த முதியவர்களைத் தேடிப்போய்க் கற்று, தாங்களும் கற்பித்ததால்தான். ஆடுவது நின்ற காலத்திலும் கற்பித்தலே இந்தக் கலையைத் தூக்கி நிறுத்தியது. ஆகவே வகுப்பு எடுப்பதை இறங்குமுகமாக நினைக்காதீர்கள்.

வகுப்புக் கணக்கு: 192 சதுர அடியில் ஒரு நேரத்துக்கு 8 பேர், ஆளுக்கு 24 சதுர அடி. 16 பேரை அடைக்காதீர்கள். இடம் ஒரு பக்கம், அத்தனை தகடும் தகரக் கூரைக்குக் கீழே முழங்கினால் யார் எழுத்து தவறுகிறது என்று உங்கள் காதால் பிரிக்கவே முடியாது. 45 நிமிடம், அதில் கடைசி 8 நிமிடம் ஒவ்வொருவராகத் தனியாக ஆடிக் காட்டவேண்டும். கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும் பிள்ளை அங்கேதான் வெளியே வரும். சுவரில் பழைய மெத்தையோ கனமான தென்னைநார்ப் பாயோ இரண்டு பக்கம் தொங்கவிடுங்கள். பனையோலைப் பாய் மெல்லியது, எதிரொலியை விழுங்காது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வீடுகளில் கையில் பணம் புரளாது, ஆனால் பள்ளி விடுமுறையால் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள். அந்த நேரத்தில் முழுக் கட்டண வகுப்பைத் திறக்காமல், வகுப்பு ஷூவைக் கொடுத்து 12 நாள் அறிமுக வகுப்பு வைத்துப் பாருங்கள். ஜூலையில் தொடர்ந்து வருகிறவர்களே நிலைப்பவர்கள்.

சான்றிதழ் வேண்டும் என்றால், 1904-ல் லண்டனில் தொடங்கிய நடன ஆசிரியர் சங்கமான ஐ.எஸ்.டி.டி. அமைப்புக்கு டேப்பில் படிநிலைத் தேர்வுகள் உண்டு, ஆசிரியர் தகுதியும் உண்டு. வெளியூர்ப் பள்ளிகளில் வேலை கேட்கும்போது அது கைகொடுக்கும். மண்டபத்தில் பிள்ளை சேர்வது சான்றிதழைப் பார்த்து அல்ல, ஆண்டு விழாவில் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆடியதைப் பார்த்துத்தான்.

---

தொண்டி_உளி

தரை பற்றி நான் சொல்கிறேன். டைல்ஸ் மேல் ஆடவே ஆடாதீர்கள். சிமெண்டு கொஞ்சமும் அமுங்காது, குதிக்கிற அடி முழுக்கக் கீழ்க்கால் எலும்புக்கும் முழங்காலுக்கும் திரும்பி வரும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலி என்று பிள்ளைகள் சொன்னால் அதற்கு முதல் காரணம் தரைதான். டைல்ஸும் விரிசல் விடும், தகடு வழுக்கும்.

16க்கு 12-க்கு அளவு இதோ. அடியில் கெட்டியான பாலித்தீன் விரிப்பு, இணைப்பில் அரை அடி மேலேறவேண்டும். தரைவழி ஏறும் ஈரத்தைத் தடுக்க இது. அதற்குமேல் 3 அங்குலச் சதுரமாக வெட்டிய 10 மி.மீ. ரப்பர் துண்டுகள். அவற்றின்மேல் 2க்கு 1 அங்குலச் சட்டங்கள் 16 அடி நீளவாக்கில், அடிக்கு ஒன்றாக 13 வரிசை. சட்டம் மொத்தம் 208 அடி ஓடும். ஒவ்வொரு சட்டத்துக்கும் அடிக்கு ஒரு ரப்பர் வைத்தால் 17 துண்டு, மொத்தம் 221. குறையாமல் இருக்க 230 வெட்டி வையுங்கள்.

மேலே 12 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டு அடுக்கு. ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று ஒவ்வொரு பலகையிலும் பாருங்கள், கடைக்காரர் வாய்ச்சொல் போதாது. அடுக்குக்கு 6 பலகை, மொத்தம் 12. கீழடுக்கை நீளவாக்கில் போடுங்கள், பக்க இணைப்புகள் 4 அடியிலும் 8 அடியிலும் சட்டத்தின் மேலேயே விழும். நீளத்தில் 8 அடியில் வரும் குறுக்கு இணைப்புக்குக் கீழே மட்டும் சட்டங்களுக்கு இடையே குட்டைக் கட்டைகள் கொடுக்கவேண்டும். மேலடுக்கைக் குறுக்காகப் போடுங்கள்: 16 அடிப் பக்கம் 2, 4, 4, 4, 2 என்றும், 12 அடிப் பக்கம் 2, 8, 2 என்றும் வெட்டினால் அதே 6 பலகையில் வேலை முடியும், ஒரு துண்டும் வீணாகாது, மேல் இணைப்பு எதுவும் கீழ் இணைப்பின் நேர்மேலே விழாது. இணைப்புமேல் இணைப்பு விழுந்தால் அந்த இடம் ஒரே மாதத்தில் தளர்ந்து ‘டொக்’ என்று தனிச் சத்தம் கொடுக்கும்.

சுவரோரம் சுற்றிலும் 10 மி.மீ. விடுங்கள், பலகைக்கும் பலகைக்கும் 2 மி.மீ. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் சேரும்போது பலகை உப்பும். இடம் இல்லை என்றால் நடுவில் கூன் போடும். ஓரங்களில் அரை அடிக்கு ஒரு திருகு, நடுவில் ஒரு அடிக்கு ஒன்று. எல்லாம் ஸ்டெயின்லெஸ். படகுச் சாமான் கடையில் 316 ரகம் கேளுங்கள். தலையை 2 மி.மீ. உள்ளே இறக்கி மரப்புட்டி வைத்துத் தேய்க்கவேண்டும். தகடு திருகுத் தலையில் பட்டால் இரண்டும் கெடும்.

மொத்த உயரம் ஏறத்தாழ 6 செ.மீ. வரும். கதவு திறக்குமா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். ஒரு மூலையில் காற்றோட்டத்துக்கு வலையடித்த ஓட்டை விடுங்கள், இல்லாவிட்டால் அடியில் பூசணம்.

பழைய வல்லத்துப் படகுப் பலகை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் வாங்காதீர்கள். வேங்கையாக இருந்தாலும் அதில் வருடக்கணக்கில் உப்பு ஊறியிருக்கும். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், திருகைத் தின்றுவிடும். போதாததற்கு உள்ளே ஆணி முறிந்து கிடக்கும். பனஞ்சட்டம் அடியில் போட ஆகும், மேல்தளத்துக்கு ஆகாது, சிலாம்பு எழும்பும்.

---

பலகை_ரசிகன்

உளி அண்ணன் சொன்னதோடு ஒன்று. மேலே 6 மி.மீ. ஹார்டுபோர்டு போட்டால் சத்தம் நன்றாக இருக்கும், தேய்ந்ததும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டு ஸ்டுடியோக்களில் அதுதான் வழக்கம்.

---

தொண்டி_உளி

தம்பி, உலர்ந்த ஊரில், குளிரூட்டிய அறையில் அது சரி. இங்கே ஹார்டுபோர்டின் விளிம்பு முதல் மழைக்காலத்திலேயே பூரி மாதிரி உப்பும். அப்புறம் தகட்டு முனை அதில் சிக்கிப் பிள்ளை விழும். ஆனால் மேற்பரப்பு தேயும் என்பது உண்மை. பிளைவுட்டின் மேல்தோல் மெல்லியது, குதித்தகட்டில் பள்ளம் விழும். வழி இரண்டு. மேலடுக்கைக் கீழடுக்கோடு பசை போட்டு ஒட்டாமல் திருகில் மட்டும் நிறுத்தினால், தேய்ந்த பலகையை மட்டும் கழற்றி மாற்றலாம். கையில் பணம் சேர்ந்தபின் 18 மி.மீ. தேக்கு அல்லது வேங்கைப் பட்டிகளைக் காடியடித்து மேலே பதிக்கலாம். அதன் சத்தத்துக்கு ஈடு கிடையாது.

பளபளக்கும் வார்னிஷ், மெழுகு இரண்டும் வேண்டாம். மங்கல் பூச்சு இரண்டு கை போதும். வாசலில் கால்மிதி போட்டு, ஷூவை உள்ளே வந்துதான் மாட்டவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் மணல் தானாகவே உள்ளே வரும், தகட்டுக்கும் பலகைக்கும் நடுவில் மணல் மாட்டினால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி. ஒவ்வொரு வகுப்புக்கு முன்னும் கூட்டி, ஈரம் பிழிந்த துணியால் துடையுங்கள்.

---

ஆணித்தோல்

ஷூவுக்கு வருகிறேன் அக்கா. பெரும்பாலான டேப் தகடுகள் அலுமினியக் கலவை. திருகு இரும்பு அல்லது ஸ்டீல். இரண்டு உலோகத்துக்கு நடுவில் உப்பு ஈரம் இருந்தால் அலுமினியம் அரிக்கும், அந்த அரிப்புதான் வெள்ளைப் பொடி. படகின் அவுட்போர்டு மோட்டார் காலில் போல்ட்டைச் சுற்றிப் பூக்குமே, அதே கதை. அங்கே ஜிங்க் கட்டியைக் கட்டிக் காப்பாற்றுவார்கள். இங்கே அது முடியாது, ஈரத்தைத்தான் விலக்கவேண்டும்.

ஆடி முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் தகட்டைத் துடையுங்கள், பிறகு உலர்ந்த துணி. வியர்வையும் உப்புதான் என்பதை மறக்கவேண்டாம். உள்ளே செய்தித்தாள் சுருட்டி வைத்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் தோல் சுருங்கி ஒட்டு விடும். காய்ந்ததும் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஈரத்தோடு டப்பாவில் போட்டால் பூசணம் இன்னும் சீக்கிரம் வரும், அதனால் முதலில் காயவேண்டும். மாதம் ஒருமுறை திருகைக் கழற்றி, தலைக்கு அடியில் மட்டும் வாசலின் மெல்லிசாகத் தடவி மாட்டுங்கள். மரையில் தடவக்கூடாது, பிடிப்பு போகும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பதும் வேண்டாம், அடித்தோலின் ஒட்டை அது இளக்கிவிடும்.

திருகு ஆடுகிறது என்றால் பெரும்பாலும் திருகு கெடவில்லை, தோலில் உள்ள துளைதான் பெரிதாகியிருக்கும். தீக்குச்சியின் மருந்தைக் கிள்ளிவிட்டு, மரப்பசையில் தோய்த்துத் துளையில் செருகி, மட்டமாக வெட்டி, ஒருநாள் முழுக்கக் காயவிட்டுத் திருகுங்கள். நீளமான திருகு போட்டால் பிடிக்கும் என்று நினைத்து மாற்றினால் நுனி உள்ளே வந்து பாதத்தைக் குத்தும். பழைய திருகைக் கடைக்கு எடுத்துப்போய் அதே நீளம் வாங்குங்கள். திருகுத் தலை தகட்டை விட வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது, அது தரையைக் கீறும், வழுக்கும். தகட்டைக் கொஞ்சம் தளர்த்தி மணிச்சத்தம் எடுக்கும் பழக்கம் பெரிய ஆட்டக்காரர்களிடம் உண்டு. பிள்ளைகளுக்கு வேண்டாம், அது இரட்டைச் சத்தமாகி அவர்கள் தப்பை மறைத்துவிடும்.

பிள்ளைகளுக்கு ஷூ: கறுப்புப் பள்ளி ஷூவில் தகடு அடிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அதன் அடி பிளாஸ்டிக் ரகம், திருகு நிற்காது. அரை அடித்தோல் ஒன்றை ஒட்டித் தைத்து அதன்மேல் தகடு அடித்தால் நிற்கும். செருப்புத் தைப்பவரிடம் 4 மி.மீ.க்குக் குறையாத கெட்டித் தோல் கேளுங்கள். நுனித்தகட்டின் முன்விளிம்பு அடித்தோலின் விளிம்போடு சமமாக இருக்கவேண்டும், உள்ளே தள்ளி அடித்தால் நுனித்தட்டு வேலை செய்யாது. பத்துப் பதினைந்து சோடி சேர்ந்தால் தோல் அடி வைத்த ஷூவை ஆம்பூர்ப் பக்கம் மொத்தமாகச் செய்து வாங்குவதே நல்லது. அடி முழுதாக இருக்கட்டும், நடுவில் பிளந்த அடி ஆரம்பத்தில் வேண்டாம், பாதத்துக்குத் தாங்கல் இல்லை. முதல் இரண்டு மாதம் தகடே இல்லாத தோல் அடியில் ஆடவிட்டாலும் நல்லதுதான். தோலில் எழுத்து பிரிந்து கேட்டால் தகட்டில் தானாகப் பிரியும்.

---

கீழக்கரை_மைக்செட்

மேடைச் சத்தம் பற்றி. திருவிழா மேடையில் பலகை மேல் சமுக்காளம் விரித்திருப்பார்கள். அதன்மேல் தகடு ஊமை. உங்கள் பலகையை நீங்களே கொண்டுபோகவேண்டும். 18 மி.மீ. மரைன் பிளையை 4க்கு 2 அடியாக வெட்டினால் ஒன்று பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும், ஆட்டோவில் ஏறும். நான்கு பலகை சேர்ந்தால் 8க்கு 4. கீல் வைத்து மடக்காதீர்கள், கீலின் கம்பி தகட்டில் மாட்டும். அடிப்பக்கத்தில் கொக்கி வைத்துப் பூட்டுங்கள், அடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். பாம்பன் பக்கம் காற்று நாளில் பலகையை நிறுத்திவைக்காமல் படுக்கப் போடுங்கள்.

மைக் இரண்டு வழி. மேடை விளிம்பில் தரையோடு படுத்திருக்கும் பவுண்டரி மைக் நல்லது, ஆனால் கடற்காற்றில் இரையும், நுரை உறை கட்டாயம். மலிவான வழி, அதிர்வை உணர்ந்து சத்தமாக்கும் 27 மி.மீ. பீசோ வட்டுகளைப் பலகையின் அடிப்பக்கம் ஒட்டுவது. காற்றுச் சத்தமும் பட்டாசும் அதில் ஏறாது. வட்டின் கம்பியை நேராக மிக்சரில் செருகினால் அடிநாதமே இல்லாமல் தகர டப்பா மாதிரி கேட்கும். 1 மெகா ஓம் அல்லது அதற்கு மேல் உள்ளீடு உள்ள டி.ஐ. பெட்டி (வட்டின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றுவது) நடுவில் வேண்டும். மிக்சரில் 100 ஹெர்ட்சுக்குக் கீழே வெட்டுங்கள், 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் ஏற்றுங்கள். எழுத்து அங்கேதான் இருக்கிறது.

எல்லோரும் மறப்பது ஒன்று. ஸ்பீக்கர் பெட்டி 50 அடி தள்ளி இருந்தால் பாட்டு ஆடுபவர் காதுக்கு 44 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். அதைக் கேட்டு ஆடினால் அத்தனை அடியும் பின்னால் விழும். கூட்டத்துக்கு அது நன்றாகத் தெரியும், ஆடுபவருக்குத் தெரியாது. காலருகே 4 அடிக்குள் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் கேளுங்கள். அது இல்லாத மேடையில் பாட்டு போடாமல், தவிலோ மிருதங்கமோ பக்கத்தில் உட்காரவைத்து ஆடுங்கள். சித்ரேஷ் தாஸின் கதக்கும் ஜேசன் சாமுவேல்ஸ் ஸ்மித்தின் டேப்பும் ஒரே மேடையில் கேள்வி பதிலாகப் போனதைத் தேடிப் பாருங்கள். ஒருவர் சலங்கை, ஒருவர் தகடு, நடுவில் கணக்கு மட்டும். அந்த வடிவம் நம் மேடைக்கு அப்படியே பொருந்தும்.

---

மண்டபம்_சலங்கை

எல்லோருக்கும் நன்றி. உளி அண்ணே, அளவு முழுக்க எழுதி வைத்துக்கொண்டேன். மைக்செட் காக்கா, 44 மில்லிசெகண்ட் விஷயம் யாரும் இதுவரை சொன்னதில்லை.

இரண்டு சந்தேகம் பாக்கி. ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு ஆட்டம் அமைக்கக் கூப்பிடுகிறது. அமைத்துக் கொடுத்துவிட்டால் அடுத்த வருடம் என்னைக் கூப்பிடாமல் அதையே ஆடுவார்களா? தடுக்க வழி உண்டா? இன்னொன்று, சொகுசுக் கப்பலில் நடன வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். ஏஜெண்டு முன்பணம் கேட்கிறார்.

---

அதீத_எடுப்பு

முதல் கேள்விக்கு. 1957 பதிப்புரிமைச் சட்டம் 2(எச்) பிரிவில் நடன அமைப்பும் ‘நாடகப் படைப்பு’ என்பதில் அடங்கும். ஆனால் அது எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகி இருக்கவேண்டும். ஆகவே ஒத்திகை முடிந்த அன்றே முழு ஆட்டத்தையும் ஒரே காமிராக் கோணத்தில், பாதம் தெரிய, வெட்டாமல் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். பார் கணக்கோடு நோட்டிலும் எழுதுங்கள். ஷஃபிள், டைம் ஸ்டெப் போன்ற பொது அடிகள் யாருக்கும் சொந்தம் இல்லை, அவற்றை நீங்கள் கோத்த விதமே உங்களுடையது. ஷிம் ஷாம் என்கிற 32 பார் ஆட்டம் 1920-களின் கடைசியில் இருந்து எல்லோரும் பொதுவாக ஆடுவது. முதல் ஆண்டு விழாவுக்கு அதையே எடுத்து, நுழைவும் முடிப்பும் மட்டும் நீங்கள் அமைத்தால் பிள்ளைகளுக்கும் சுமை குறைவு.

பள்ளியோடு ஒரு பக்க ஒப்பந்தம் போதும்: எத்தனை ஒத்திகை, பலகை யார் கொண்டுவருவது, எந்த விழாவுக்கு, எந்த வருடத்துக்கு. பாதித் தொகை முன்பணம். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 19-வது பிரிவுப்படி 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளப்படும், அதனால் ‘இந்த ஒரு விழாவுக்கு மட்டும்’ என்று தெளிவாக எழுதுங்கள். பள்ளியில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்து அந்த வேலையின் பகுதியாக அமைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை பள்ளிக்குப் போகும். தனி வேலையாக எடுப்பதே உங்களுக்கு நல்லது.

ஒத்திகைக்கு 10 வாரம் கேளுங்கள். 4 வாரத்தில் முடித்துத் தரச் சொன்னால் டேப் வேண்டாம், ஒயிலாட்டம் அமைத்துக் கொடுங்கள். அரைகுறை டேப் மேடையில் வெறும் இரைச்சல். பார்த்தவர்கள் பிள்ளையை வகுப்பில் சேர்க்க மாட்டார்கள்.

---

மேல்தளம்_நடை

கப்பல் வேலைக்கு. முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள் அக்கா. கப்பலுக்கு ஆள் அனுப்ப கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். என்கிற ஆள்சேர்ப்பு உரிமம் வேண்டும். அந்த உரிமம் உள்ளவர் வேலைக்குச் சேர்த்துவிட ஆட்களிடம் கட்டணம் வாங்கக்கூடாது. உரிம எண்ணைக் கேட்டு, இயக்குநரகத்தின் பட்டியலில் நீங்களே சரிபாருங்கள்.

நம் பக்கத்துப் பையன்கள் கப்பலுக்குப் போக எடுக்கும் அதே எஸ்.டி.சி.டபிள்யூ. என்கிற அடிப்படைக் கடல் பாதுகாப்புப் பயிற்சி, சி.டி.சி. என்கிற கப்பல் பணியாளர் புத்தகம், மருத்துவச் சான்று இதெல்லாம் நடனக்காரரிடமும் கேட்பார்கள். அமெரிக்கத் துறைமுகம் போகும் கப்பல் என்றால் பணியாளருக்கான சி1/டி விசா. ஒப்பந்தம் பெரும்பாலும் 6 முதல் 9 மாதம். டேப் மட்டும் தெரிந்தால் எடுப்பது அரிது, ஜாஸும் பாலேயும் சேர்த்துக் கேட்பார்கள். தேர்வுக்கு அனுப்பும் வீடியோ ஒரே ஓட்டமாக, பாதத்துச் சத்தம் காமிராவிலேயே பதிந்ததாக இருக்கட்டும். பின்னால் சத்தம் சேர்த்த வீடியோவை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

போவதாக இருந்தால் வகுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். 9 மாதம் கழித்து வந்தால் 8 பிள்ளைகளில் இரண்டு பேர் மிஞ்சினால் அதிசயம். மூத்த மாணவி ஒருத்தியை டைம் ஸ்டெப் வரை சொல்லித்தரும் அளவுக்குத் தயார் செய்துவிட்டு, அவளுக்கு வகுப்பு வருமானத்தில் பங்கு எழுதிக்கொடுத்துவிட்டு ஏறுங்கள்.

---

ஆணித்தோல்

கப்பலுக்கானாலும் திருவிழாவுக்கானாலும் பையில் இருக்கவேண்டியது: தகட்டுத் திருகுக்குப் பொருந்தும் சின்ன ஸ்குரூ டிரைவர், மாற்றுத் திருகு ஒரு டஜன், மாற்று நுனித்தகடு ஒரு சோடி, தீக்குச்சி, மரப்பசை, உலர்ந்த துணி, திருகுத் தலையில் இருந்து சிலும்பை நீக்கச் சின்ன அரம். ஸ்குரூ டிரைவரை நூலில் கட்டிப் பையோடு சேர்த்துவிடுங்கள்.